காதைத் தொட்டுச் சொல்லும் பெயர்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோது, "ஆசிரியர்களைப் பற்றி ஏதாவது எழுதுப்பா, ஆனா எல்லாரும் எழுதற மாதிரி வேண்டாம்" என்றார்கள். எல்லாரும் எழுதுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஏணி, தோணி, மெழுகுவத்தி மூன்றும் வரிசையாக வந்துவிடும். அதிலிருந்து தப்பிக்க நான் தபலாவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு இன்ஜினீயருக்கும் தபலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் குருவுக்கு நன்றி சொல்வதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால், தாள வாத்தியக்காரர்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். அந்த வரலாற்றை நம் நண்பர்களோடும் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளோடும் பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேயிலை மலையில் படித்த நம்மில் பலருக்கு உஸ்தாத் ஜாகிர் உசேன் அறிமுகமானதே ஒரு தேயிலை விளம்பரத்தில்தான். 1980களின் இறுதியில் வரத் தொடங்கி, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது தாஜ்மகால் டீ விளம்பரம். பின்னால் தாஜ்மகால், முன்னால் சுருட்டை முடி பறக்கத் தபலா வாசிக்கும் இளைஞர். "வாஹ் உஸ்தாத்" என்று பாராட்டு வரும். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பாராட்டை டீக்குத் தள்ளிவிடுவார். அது விளம்பரத்துக்காக எழுதிய வசனம்தான். ஆனால் நிஜ வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான் இருந்தார். பாராட்டு வந்தால் அதை அப்பாவுக்கும், அப்பாவின் குருவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் தள்ளிவிடுவார். 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தமது 73ஆம் வயதில் அவர் காலமானார். அவரிடமிருந்தே தொடங்குவோம்.

காதில் ஓதிய பாடம்

ஜாகிர் உசேன் பிறந்தது 1951 மார்ச் 9, பம்பாய் மாஹிமில். குழந்தையைக் கையில் வாங்கிய தகப்பனார் காதில் இறைவணக்கம் ஓத வேண்டும் என்பது வழக்கம். அப்பா அல்லா ரக்கா ஓதியது தபலாவின் சொற்கட்டுகளை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுதான் என் வணக்கம், என் குருமார்கள் எனக்குக் கொடுத்தது இதுதான்" என்கிற பொருளில் அப்பா பதில் சொன்னாராம். இந்தக் கதையை ஜாகிர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஏழு வயதிலிருந்து முறையான பாடம். பாடம் என்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேர ட்யூஷன் மாதிரி இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா எழுப்பிவிடுவார். ஆறு மணி வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் தபலாவைத் தொடுவதே இல்லை. வாயால் சொல்ல வேண்டும், கையால் தாளம் போட வேண்டும். நடுநடுவே அந்தச் சொற்கட்டைச் செய்தவர் யார், அவர் யாரிடம் படித்தார் என்ற கதைகளும் வரும். அது முடிந்தால் மதரசா, பிறகு கிறிஸ்தவப் பள்ளி. காலையில் குர்ஆன், அடுத்து தேவாலயப் பாட்டு, இரண்டுக்கும் முன்னால் தபலா. அந்தச் சிறுவனுக்கு மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பா சொன்ன ஒரு புத்திமதியை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: வித்வானாக ஆகப் பார்க்காதே, நல்ல மாணவனாக இரு, அது போதும் என்பது அதன் சாரம். பத்மஸ்ரீ (1988), பத்மபூஷண் (2002), பத்மவிபூஷண் (2023) எல்லாம் வாங்கிய பிறகும் தம்மை மாணவர் என்றே சொல்லிக்கொண்டார்.

வீட்டை விட்டு ஓடிய பையன்

அல்லா ரக்கா இசைப் பரம்பரையில் வந்தவர் இல்லை. 1919ல் ஜம்மு பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் தபலா சத்தத்தில் மயங்கி, வீட்டை விட்டு ஓடி, லாகூரில் மியான் காதிர் பக்ஷிடம் போய்ச் சேர்ந்தார். காதிர் பக்ஷ் பஞ்சாப் கரானாவின் பெரிய உஸ்தாத். அவர் தகப்பனார் மியான் ஃபக்கீர் பக்ஷும் அப்படியே.

கரானா என்றால் வீடு, குடும்பம் என்று பொருள். ஒரே பாணியில் வாசிக்கும் குரு சிஷ்யப் பரம்பரைக்கு வடநாட்டில் இதுதான் பெயர். தபலாவில் தில்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என்று ஆறு கரானாக்களைச் சொல்வார்கள். பஞ்சாப் பாணி, பக்கவாஜ் என்ற பழைய இருமுக வாத்தியத்தின் கனத்தை இன்னமும் விடாமல் வைத்திருப்பது.

சிஷ்யனாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு சடங்கு உண்டு. குரு சிஷ்யன் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார். 'கண்டா' என்பார்கள். அதன் பிறகு சிஷ்யன் அந்த வீட்டுப் பிள்ளை. குருவின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், திட்டும் வாங்க வேண்டும், பாடத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் குருகுலவாசமும் ஏறக்குறைய இதேதான்.

1940ல் அல்லா ரக்கா பம்பாய் வந்து அகில இந்திய வானொலியில் சேர்ந்தார். ஏ. ஆர். குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தார். 1947ல் நாடு பிரிந்தது. குரு லாகூரில், சிஷ்யர் பம்பாயில். நடுவே ஒரு எல்லைக்கோடு. பஞ்சாப் கரானாவின் பிறப்பிடம் இன்னொரு நாடாகிவிட்டது. ஆனால் அல்லா ரக்கா தம் பாணிக்கு வேறு பெயர் வைக்கவில்லை. குரு பெயரை மாற்றவில்லை, மறைக்கவுமில்லை. 1967ல் மான்டரே, 1969ல் உட்ஸ்டாக் என்று ரவிசங்கரோடு உலக மேடைகளில் அவர் வாசித்தபோது ஒலித்தது லாகூரில் கற்ற பாணி. இரண்டு நாடுகளும் போர் செய்துகொண்டிருந்த வருஷங்களிலும் அந்தப் பெயர் அவரோடு கூடவே இருந்தது.

2000 பிப்ரவரி 3ல் அல்லா ரக்கா மறைந்தார். அதன் பின் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் மும்பையில் ஜாகிர் ஓர் அஞ்சலி நடத்திவந்தார். விடியற்காலையில் தொடங்கி இரவு வரை கச்சேரி. பல நாட்டுத் தாளக் கலைஞர்களும் அந்த மேடைக்கு வருவார்கள்.

பெயர் எதற்கு?

தபலா வித்வான் ஒரு 'கத்' வாசிக்கப் போகிறார் என்றால், முதலில் அதை வாயால் சொல்லிக் காட்டுவார். கத் என்பது ஏற்கனவே ஒருவர் செய்து வைத்த சொற்கட்டு, நம்ம பக்கத்துக் கீர்த்தனை மாதிரி இயற்றியவர் பெயரோடு வருவது. சொல்வதற்கு முன் இது இன்னார் செய்தது, எனக்கு இன்னார் மூலம் வந்தது என்று சொல்வார். அப்படிப் பெயர் சொல்லும்போது விரலால் தம் காது மடலைத் தொடுவார். பெரியவர் பெயரை நாக்கால் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்பது அந்தச் சைகையின் பொருள்.

முதலில் இதைப் பார்த்தபோது வெறும் மரியாதை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அதில் ஒரு தொழில் அவசியமும் இருப்பது புரிந்தது. நம் ஆபீஸில் எந்த டிராயிங்கை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், எத்தனையாவது திருத்தம், தேதி. அந்தக் கட்டம் காலியாக இருக்கிற டிராயிங்கை எந்தத் தொழிற்சாலையிலும் வாங்க மாட்டார்கள். ஏனென்றால் நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

தபலா பல நூற்றாண்டாகக் காகிதம் இல்லாமல் வந்த கலை. புத்தகத்தில் எழுதி வைக்கலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் எந்த விரல், தோலின் எந்த இடம், எவ்வளவு அழுத்தம், எங்கே மூச்சு என்பதெல்லாம் எழுத்தில் ஏறாது. எதிரே உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். அப்படி வாங்கிய பாடத்துக்கு ஒரே சான்று, யாரிடமிருந்து வாங்கினோம் என்ற பெயர்தான். காதைத் தொட்டுச் சொல்வது அந்தக் கட்டத்தை நிரப்புவது. பெயரை விட்டுவிட்டால் பாடத்தின் பாதி விலாசம் போய்விடும்.

அந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கதை. ஃபரூக்காபாத் கரானாவைத் தொடங்கிய ஹாஜி விலாயத் அலி கான், லக்னோ உஸ்தாத் பக்ஷு கானின் மகளை மணந்தவர். மாப்பிள்ளைக்குச் சீதனமாக மாமனார் கொடுத்தது கத்களை என்பார்கள். 500 என்று ஒரு கணக்கும் மரபில் உண்டு. எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். நகைக்குப் பதிலாகச் சொற்கட்டு கொடுத்தால் சீதனமாக ஒத்துக்கொள்கிற ஊர் அது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தெற்கிலிருந்து போன பாடம்

நன்றி என்பது தன் குருவோடும் தன் கரானாவோடும் நின்றுவிட்டால் அது குடும்பப் பெருமையாகச் சுருங்கிவிடும். அல்லா ரக்கா, ஜாகிர் இருவரும் அப்படி நின்றவர்கள் இல்லை. இங்கேதான் நம்ம தமிழ்நாடு உள்ளே வருகிறது.

பண்டிட் ரவிசங்கர் கர்நாடக இசையின் ராகங்களையும் தாளக் கணக்குகளையும் விரும்பி எடுத்துக்கொண்டவர். 1968ல் அவர் பெரிய குழு ஒன்றை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். 'ஃபெஸ்டிவல் ஃப்ரம் இண்டியா' என்று அதன் இசைத்தட்டும் வந்தது. அதில் தபலாவுக்கு அல்லா ரக்கா, மிருதங்கத்துக்குப் பாலக்காடு ரகு. ரகு ரங்கூனில் பிறந்தவர், கணிதப் பட்டதாரி, பாலக்காடு மணி ஐயரின் சிஷ்யர். வடக்கும் தெற்கும் தாளத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிக்கொண்டது அப்போது இன்னும் புதுசு.

அவர்கள் பேசிக்கொண்ட கணக்கை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். வடக்கே 'திஹாய்' என்றும் தெற்கே 'மோரா' என்றும் சொல்வது, ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துத் தாளத்தின் முதல் தட்டில் வந்து விழுவது. தீன்தாளத்தில் 16 மாத்திரை. 'தா தி கி ண தொம்' என்பது 5 மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. அப்படியானால் இரண்டாவது மாத்திரையில் எடுத்தால், பதினாறாவதில் முடிந்து, அடுத்த அடி சரியாகச் சமத்தில் விழும். இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பெரியவர்கள் இதையே நடுவில் இடைவெளி விட்டு, நடை மாற்றி, நாலைந்து ஆவர்த்தனம் தள்ளி விழ வைப்பார்கள். கேட்கிறவர்களுக்கு மூச்சு நின்று திரும்ப வரும்.

அடுத்த தலைமுறையில் 'சக்தி' குழு. ஜான் மெக்லாலின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1975 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கச்சேரிதான் அவர்களுடைய முதல் இசைத்தட்டு. பம்பாய்ப் பையனும் சென்னைக்காரரும் ஒருவர் சொல்வதை இன்னொருவர் தன் வாத்தியத்தில் திருப்பிச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காக வாசித்தார்கள்.

விக்கு விநாயக்ராமின் தகப்பனார் ஹரிஹர சர்மா, 1958ல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைத் தொடங்கியவர். மகன் உலகம் சுற்றி வந்தபின் அந்தப் பள்ளியில் தாமும் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1992ல் 'பிளானட் டிரம்' தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது அதில் ஜாகிரும் இருந்தார், விக்குவும் இருந்தார். 2024 பிப்ரவரி 4ல், அதாவது அல்லா ரக்காவின் நினைவு நாளுக்கு மறுநாள், சக்தியின் 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்குக் கிராமி. இந்த முறை ஜாகிரோடு குழுவில் இருந்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். அன்று ஒரே இரவில் ஜாகிருக்கு மொத்தம் மூன்று கிராமி.

நம்ம பக்கத்து வித்வான்களுக்கும் குரு ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. உமையாள்புரம் சிவராமனுக்குக் குருமார் நால்வர்: ஆறுபாதி நடேசய்யர், தஞ்சாவூர் வைத்தியநாதய்யர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார். சட்டம் படித்தவர், பத்மவிபூஷண் (2010) வாங்கியவர். தம்மைப் பற்றிச் சொல்லும் இடங்களில் நான்கு பெயரும் வரும். தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் மணி ஐயரும் படித்தார், டி. கே. மூர்த்தியும் படித்தார், சிவராமனும் படித்தார். ஒரே வீட்டுத் திண்ணையிலிருந்து மூன்று பேர், மூவரின் வாசிப்பும் மூன்று விதம். நல்ல குரு தன் நகலை உற்பத்தி செய்ய மாட்டார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கறுப்புப் பொட்டின் கணக்கு

இனி இன்ஜினீயர் பேசட்டும். தபலாவின் தோல் நடுவே ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறதே, அதை வடக்கே 'சியாஹி' என்பார்கள். மிருதங்கத்தில் கரணை, சோறு என்றெல்லாம் பெயர். கல் பொடியையோ இரும்புப் பொடியையோ சோற்றுப் பசையோடு குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்துச் செய்வது.

சாதாரண வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் போகும். முழு எண்கள் இல்லை. அதனால்தான் பல முரசுகளில் சத்தம் வரும், சுருதி வராது. வீணைத் தந்தியில் 1, 2, 3, 4 என்று முழு எண்ணாக வரும், காதுக்குச் சுருதியாகக் கேட்கும். தபலாவிலும் மிருதங்கத்திலும் அந்தக் கறுப்புப் பொட்டின் எடை தோலின் நடுப்பகுதியில் ஏறுவதால், அதிர்வெண்கள் நகர்ந்து முழு எண் விகிதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதை 1920ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சர் சி. வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து. 1934ல் இன்னும் விரிவாக எழுதினார். முதல் ஐந்து சுருதிகள் வரை ஒழுங்காக வருகின்றன என்று அளந்து காட்டினார்.

ராமன் கண்டுபிடித்தது காரணத்தை. காரியத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவருக்குப் பல தலைமுறைக்கு முன்னால் தோல் வாரி, பசை குழைத்து, தட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்தவர்கள். அவர்கள் பெயர் எந்த இதழிலும் இல்லை. நான் சொன்ன டிராயிங் கட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வரைந்தவருக்கு இடம் உண்டு, சரிபார்த்தவருக்கு உண்டு. அந்த உதிரிபாகத்தைக் கையால் செய்து கொடுத்த ஃபிட்டருக்குக் கட்டம் கிடையாது.

பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறோம். 1966ல் சங்கீத கலாநிதி, 1971ல் பத்மபூஷண். அந்த நாதத்துக்காக அவரோடு சேர்ந்து தோலும் பசையுமாக வருஷக்கணக்கில் சோதனை செய்தவர் பர்லாந்து என்ற மிருதங்கக் கைவினைஞர், தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பத்தைச் சேர்ந்தவர். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். தோலைத் தொடுவதாலேயே அவர்களைத் தள்ளி வைத்த சமூகம், அந்தத் தோலில் எழுந்த நாதத்தைப் பூஜை அறை வரைக்கும் கொண்டுபோனது. இந்தக் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தருவதாகச் சொல்லி, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில்தான் விழா நடந்தது. நன்றி சொல்லும் மரபிலும் யாருக்குச் சொல்வது என்பதில் ஒரு வேலி இருந்திருக்கிறது, அதைத் தொட்டால் இன்றும் கொஞ்சம் ஷாக் அடிக்கிறது.

மாற்றமும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற அம்மையாருக்கு 2013ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. ஜாகிர் உசேன் இறந்தபோது மும்பையில் அவருக்கு 1998 முதல் தபலா செய்து கொடுத்த ஹரிதாஸ் வட்கரைப் பத்திரிகைகள் தேடிப் போய்ப் பேசின. பெண்களுக்குத் தபலா எதற்கு என்ற காலத்தில் அனுராதா பால் என்ற பெண்ணை அல்லா ரக்காவும் ஜாகிரும் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் 1996ல் 'ஸ்த்ரீ சக்தி' என்று பெண்கள் குழுவே அமைத்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டுதான் வருகின்றன.

நம்ம மலையிலேயே ஒரு பாடம்

இதெல்லாம் பம்பாய்க் கதை, தஞ்சாவூர்க் கதை. நாலு வருஷம் இந்த மலையில் இருந்தோமே, இங்கே என்ன என்று பார்ப்போம்.

கோத்தகிரி என்று பஸ் போர்டில் எத்தனையோ தடவை படித்திருப்போம். அந்தப் பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர். இரும்பு, மரம், தோல் வேலை ஆண்கள் கையில், மண்பாண்டம் பெண்கள் கையில். கூடவே இசை. கொல் என்ற குழல், கொப் என்ற வளைந்த கொம்பு, தோபர், கின்வர் என்ற இரண்டு மத்தளங்கள், தபட்டக் என்ற தட்டை வாத்தியம். தோடர், படுகர் ஊர்ச் சாவுகளுக்கும் சடங்குகளுக்கும் கோத்தர்தான் வந்து வாசிப்பார்கள். பதிலுக்குத் தானியமும் நெய்யும் எருமையும் வரும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அந்தக் கொடுக்கல் வாங்கல் குறையத் தொடங்கியது. 1937, 38ல் இங்கே வந்து தங்கிய டேவிட் மேண்டல்பாம் என்ற மானிடவியலாளர் அந்த மாற்றத்தை எழுதி வைத்திருக்கிறார். தங்கள் சொந்தக் கோயில் திருநாட்களுக்கும் சாவுச் சடங்குகளுக்கும் கோத்தர் தொடர்ந்து வாசித்தே வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்கள் ஊரில் தங்கிக் கேட்டுப் பழகி, 2005ல் ஒரு நூலே எழுதினார். அவர் வீணையும் கற்றவர்.

இந்த இசையில் குரு என்று தனியாக ஒருவர் மேடை போட்டு உட்காருவதில்லை. பையன் அப்பாவையும் மாமாவையும் பார்த்துத் தட்டுகிறான், தப்பினால் பக்கத்தில் இருப்பவர் திருத்துகிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, செய்கிற கையும் வாசிக்கிற கையும் ஒரே சமுதாயத்தின் கைகளாக இருந்தன என்பது. பர்லாந்தையும் மணி ஐயரையும் பிரித்த வேலி அங்கே இல்லை. நமக்கு இருபது மைலுக்குள் இப்படி ஒரு தாள மரபு இருக்கிறது என்பது படிக்கும்போது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. கேட்கத்தான் தோன்றவில்லை. இப்போது படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊட்டியையும் குன்னூரையும் செல்ஃபி எடுத்து முடித்தபிறகு, முறையாக அனுமதி கேட்டு, ஒரு நாள் இதையும் போய்க் கேளுங்கள்.

நமக்கு என்ன?

நம்ம தொழிலில் நன்றி சொல்வது பெரும்பாலும் பிரிவு உபசார விழாவோடு முடிந்துவிடுகிறது. பொன்னாடை, சந்தன மாலை, "மறக்க முடியாத ஆசிரியர்" என்று ஒரு வாக்கியம். ஆனால் அவர் கற்றுக் கொடுத்தது என்ன என்று கேட்டால் பதில் வராது. தபலாக்காரர் அப்படிச் செய்வதில்லை. இந்தக் கத் இவருடையது, இந்த விரல் இவர் வைத்துக் காட்டியது என்று சாமான் சாமானாக எடுத்துச் சொல்கிறார். பொதுவாகப் போற்றுவதைவிட இப்படிக் குறிப்பாகச் சொல்வதுதான் கேட்கிற அடுத்த தலைமுறைக்கு உபயோகமாகிறது.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. அடுத்த சந்திப்பு மலரில் நாலு பக்கம் ஒதுக்குவோம். ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதினால் போதும்: இன்னார் எனக்கு இன்னதைக் கற்றுக் கொடுத்தார். வகுப்பில் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் மட்டும் போதாது. லேத்தில் கை போய்விடாமல் நிற்கச் சொல்லிக் கொடுத்த ஒர்க்‌ஷாப் அண்ணன், மல்டிமீட்டரைத் தப்பாக மாட்டினால் தலையில் அடித்துக்கொண்ட லேப் உதவியாளர், அரியர் பேப்பரை ராத்திரி முழுக்கச் சொல்லிக் கொடுத்த சீனியர், முதல் வேலையில் வெல்டிங் எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டிய ஃபோர்மேன், எல்லாரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். சிலர் ஓய்வு பெற்று இதே மலையில்தான் இருக்கிறார்கள். மலர் அச்சானதும் முதல் பிரதியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அஞ்சலில் போடுவதைவிட நேரில் போவது நல்லது. டீயும் கிடைக்கும்.